சத்தம் கொடுக்கும் வாக்கு

கண்ணு, நாளைக்கு முதல்முதலாக ஒரு தெரபி அறைக்குள் போகப்போகிறாய். தாழ்வான மேசை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு வாளி நிறைய மரக்கட்டைகள், காதுக்குப் பின்னால் மிஷின் மாட்டிய மூன்று வயதுப் பிள்ளை, பக்கத்தில் தூக்கம் கெட்ட முகத்தோடு அதன் அம்மா. அப்படியொரு அறையில் நான் 31 வருடம் உட்கார்ந்திருந்தேன். புத்தகத்தில் உள்ளதை நீ என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறாய். புத்தகத்தை மூடிய பிறகு நான் செய்த தப்புகளிலிருந்து சிலதை மட்டும் உனக்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. நல்ல காது ஒன்றில், ஒலியை வாங்கி மூளைக்கு அனுப்பும் உள்மயிர்ச் செல்கள் சுமார் 3,500 இருக்கின்றன. அந்தப் பிள்ளையின் உள்காதில் பொருத்தியிருக்கும் காக்ளியர் இம்ப்ளாண்ட் என்ற கருவி அந்த வேலையை 12 முதல் 22 மின்முனைகளை வைத்துக்கொண்டு செய்யப் பார்க்கிறது. மீதியை மூளைதான் கற்று நிரப்பிக்கொள்ள வேண்டும். அத்தனை பாடுபட்டுக் கற்க மூளை ஏன் சம்மதிக்க வேண்டும்? அந்தச் சம்மதத்தை வாங்கித் தருவதில் டோபமின் என்ற மூளை ரசாயனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்புச் செல்களில், நடுமூளையில் இருந்துகொண்டு டோபமினைச் சுரப்பவை 4 முதல் 6 லட்சம்தான். பத்திரிகைகளில் அதைச் சந்தோஷ ரசாயனம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒரு கணக்குப்பிள்ளையாகத்தான் தெரிகிறது. எதிர்பார்த்தது எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்று ஓயாமல் வரவு பார்க்கும் கணக்குப்பிள்ளை. இனி நான் சொல்லப்போவதெல்லாம் அந்த ஆளை ஏமாற்றாமல் இருப்பது பற்றித்தான்.

1. சத்தம் முந்தி வரட்டும், பொம்மை பிந்தி வரட்டும். 

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பையிலிருந்து நாய் பொம்மையை எடுத்துப் பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டு, அப்புறம்தான் ‘லொள் லொள்’ என்பேன். பிள்ளை சிரிக்கும், பொம்மையை வாங்கிக்கொள்ளும். பாடம் நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொள்வேன். சில மாதம் கழித்து, பையை மூடி வைத்துக்கொண்டு ‘லொள் லொள்’ என்றபோது ஒரு பிள்ளைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணுக்கு வேண்டியது கிடைத்த பிறகு காதுக்கு அங்கே என்ன வேலை?

2001-இல் அமெரிக்காவில் மைக்கேல் மெர்செனிக்கும் அவருடைய சகாக்களும் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். குறிப்பிட்ட ஒரு சுருதியை ஒலிக்கவிட்டு, அதன் கையோடு டோபமின் செல்கள் இருக்கும் நடுமூளைப் பகுதியை மெல்லிய மின்சாரத்தால் தூண்டினார்கள். சில வாரங்களில், கேட்பதற்கென்று மூளையில் உள்ள புறணியில் அந்தச் சுருதிக்கான இடம் விரிந்துவிட்டது. பக்கத்துச் சுருதிகளின் இடத்தைக்கூட அது எடுத்துக்கொண்டது. தூண்டல் முடிந்த பிறகு ஒலித்த சுருதிக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. வரிசைதான் எல்லாம். இதைப் படித்த அன்று என் பழைய நாய் பொம்மையை எடுத்து வெகு நேரம் கையில் வைத்திருந்தேன். 

எலியிடம் கண்டதைப் பிள்ளையின் மேல் அப்படியே ஏற்றிவிடக் கூடாதுதான். ஆனாலும் சத்தத்தை முன்னால் விட்டுப் பார். பையைத் திறக்காதே. ‘லொள் லொள்’ சொல். காத்திரு. இன்னொரு முறை சொல். பிள்ளையின் கண் பையின் பக்கம் போகும்போது பொம்மையின் வாலை மட்டும் வெளியே காட்டு.

2. திரும்பிப் பார்த்த பிள்ளைக்கு அங்கே ஏதாவது இருக்க வேண்டும். 

நான் செய்ததிலேயே பெரிய தப்பு இதில்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மணப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்தார்கள். மிஷினை ஸ்விட்ச் ஆன் செய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் பின்னாலிருந்து பெயரைக் கூப்பிட்டேன், சட்டென்று திரும்பினான். அவன் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று மட்டும் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேனோ. மையத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் ‘பாருங்க, கூப்பிட்டா திரும்புவான்’ என்று காட்டினேன். வீட்டிலும் அதே கதை. பாட்டி கூப்பிட்டார், சித்தப்பா கூப்பிட்டார், பக்கத்து வீட்டுக்காரரும் வந்து கூப்பிட்டுப் பார்த்தார். அவன் ஒவ்வொரு தடவையும் திரும்பினான். திரும்பிய இடத்தில் ஒன்றுமில்லை. கூப்பிட்டவர் இன்னொரு பெரியவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். மூன்றே வாரத்தில் அவன் திரும்புவதை நிறுத்திவிட்டான். மிஷினை அவனுக்கேற்ற அளவில் அமைக்கும் மேப்பிங் சரியில்லையோ என்று அவனை இரண்டு முறை மருத்துவமனைக்கு அலையவிட்டேன். மேப்பிங்கில் ஒரு குறையும் இல்லை. குறை எங்களிடம்தான்.

ஸ்விட்சர்லாந்தில் வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளின் டோபமின் செல்களைப் பல வருடம் ஒவ்வொன்றாகக் கேட்டவர். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் அந்தச் செல்கள் படபடவென்று துடிக்கும். சாற்றுக்கு முன்னால் ஒரு அடையாளம் வருவது பழகிவிட்டால் துடிப்பு அடையாளத்துக்கு நகர்ந்துவிடும், சாறு வரும்போது செல்கள் பேசாமல் இருக்கும். அடையாளம் வந்தும் சாறு வராவிட்டால், சரியாக அது வந்திருக்க வேண்டிய நொடியில் அந்தச் செல்கள் அடங்கிப்போகும். 1997-இல் பீட்டர் டயன், ரீட் மான்டேக் இருவரோடும் சேர்ந்து அவர் இதை ஒரு கணக்காகவே எழுதிக் காட்டினார்.

பெயர் என்பது ஒரு அடையாளம். ‘திரும்பு, உனக்கு இங்கே ஒன்று இருக்கிறது’ என்று அது வாக்குக் கொடுக்கிறது. நாங்கள் அந்த வாக்கை நாளுக்கு இருபது தடவை மீறினோம். அவன் கெட்டிக்காரன், அதனால் எங்களை நம்புவதை விட்டுவிட்டான். பிறகு அவன் அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். கொடுக்க ஏதாவது இருந்தால் மட்டும் கூப்பிடுங்கள். ஒரு முறுக்கு, தோளில் தூக்கல், சன்னலுக்கு வெளியே போகும் பஸ், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு முத்தம். அவன் நம்பிக்கையைத் திரும்பப் பெற எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. சோதிப்பதற்காக ஒரு பிள்ளையைக் கூப்பிடாதே, கண்ணு. பெயர் வீணாகிவிடும்.

3. மிட்டாயைப் பெட்டியிலேயே வை. 

சத்தம் கேட்டதும் வாளியில் கட்டை போட்டால் ஒரு மிட்டாய் என்று நானும் நடத்திப் பார்த்தேன். முதல் வாரம் ஓடும். மூன்றாவது வாரம் பிள்ளை கட்டையை வாளியில் போட்டுக்கொண்டே கையை நீட்டும், காதைக் கொடுக்காது. எப்போதும் வருவது வந்தால் கணக்குப்பிள்ளை பேனாவைத் தொடுவதே இல்லை. பரிசு சத்தத்துக்குள்ளேயே இருக்கட்டும். ‘மேலே… மேலே… மேலே…’ என்று சொல்லி, ‘டம்’ என்றதும் கட்டைக் கோபுரம் சரியட்டும். சில நாள் ‘டம்’ சீக்கிரம் வரட்டும், சில நாள் தாமதமாக வரட்டும். பிள்ளை உன் வாயைப் பார்ப்பதை விட்டுக் குரலைத் துரத்த ஆரம்பிக்கும்.

4. பிள்ளையைச் சந்தேகப்படும் முன் மிஷினைச் சந்தேகப்படு. 

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கருவி பொருத்திய பிள்ளைகள் நிறையப் பேர் எங்களிடம் வரத் தொடங்கிய காலம். ஒரு பெண் குழந்தை, நான்கு வயது. நன்றாக வந்துகொண்டிருந்தவள், திடீரென்று எதற்கும் அசைய மாட்டேன் என்றாள். ‘அடம் பிடிக்கிறாள்’ என்று குறிப்பேட்டில் எழுதினேன். என் கையெழுத்தில் அந்த வார்த்தை இன்னும் அங்கே இருக்கும். ஒன்பது நாள் அவளிடம் குரலை உயர்த்தினேன், அவள் அம்மாவிடம் ‘கண்டிப்பா இருங்க’ என்றேன். பத்தாவது நாள், தலையில் ஒட்டும் காயிலின் ஒயரை எதேச்சையாக விரலால் வளைத்தேன். மிஷினின் விளக்கு அணைந்து எரிந்தது. உள்ளே கம்பி அறுந்திருந்தது. அந்த ஒன்பது நாளும் அவளுக்குச் சத்தம் விட்டுவிட்டு வந்திருக்கிறது, பாதி நேரம் வரவேயில்லை. அவளை அந்த நிலையில் வைத்துக்கொண்டு நான் திட்டியிருக்கிறேன்.

அன்றிலிருந்து டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிகளைச் சொல்லாமல் எந்த நாளையும் தொடங்கியதில்லை. ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். கையால் வாயை மறைத்து, ஒரு முழத் தூரத்திலிருந்து ஒரு முறை, அறையின் மறுகோடியிலிருந்து ஒரு முறை. தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை பேச்சின் அகலம் முழுக்க அதில் அடங்கிவிடும். இரண்டு நிமிட வேலை. உப்பும் புளியும் இருக்கிறதா என்று பார்க்காமல் அடுப்பு மூட்டுகிறவர் உண்டா? அந்தக் குழந்தையின் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். குழந்தையிடமும் கேட்டேன். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, கேட்க வேண்டியது என் கடமை.

5. காத்திருக்கக் கற்றுக்கொள். 

இளம் வயதில் மௌனம் பயமாக இருக்கும். அறைக்கு வெளியே கட்டணம் கட்டிய அப்பா நிற்பார், உள்ளே சத்தம் இல்லாவிட்டால் வேலை நடக்கவில்லை என்று நினைப்பாரோ என்று நாம் பேசிக்கொண்டே இருப்போம். நானும் பேசித் தள்ளினேன்.

2011-இல் மான்ட்ரியலில் வலோரி சலிம்பூர், ராபர்ட் சட்டோர் குழுவினர், பாட்டுக் கேட்டு மயிர்க்கூச்செறிகிறவர்களை அழைத்து, அவரவருக்குப் பிடித்த இசையைப் போட்டு மூளையைப் படம் பிடித்தார்கள். உச்சம் வந்த கணத்தில் ஓரிடத்தில் டோபமின் சுரந்தது. அந்த உச்சம் வரப்போகிறது என்று மனசு காத்திருந்த நொடிகளில் இன்னோர் இடத்தில், காடேட் என்ற பகுதியில், முன்னதாகவே சுரந்திருந்தது. காத்திருப்புக்கென்று ஒரு வரவு இருக்கிறது. ஊஞ்சலைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு ‘ஒண்ணு… ரெண்டு…’ என்று சொல்லி நிறுத்து. மூன்றை நீ சொல்லாதே. மனசுக்குள் பத்து எண்ணு. அந்தப் பத்துக்குள் பிள்ளையின் முகத்தில் நடப்பதைப் பார்க்கத்தான் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறாய்.

6. தப்பாகச் சொன்னால் முகத்தைச் சுருக்காதே. 

‘அடியாத மாடு படியாது’ என்று யாராவது உன்னிடம் சொல்வார்கள். பெரியவர்களும் சொல்வார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொள், அறைக்குள் கொண்டுவராதே. 

நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் விக்ரம் கடாக்கரும் ஜெஸ்ஸி கோல்ட்பெர்க்கும் அவர்கள் குழுவும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிரியமானது. சின்னஞ்சிறிய ஜீப்ரா ஃபின்ச் பறவைகள் பாடும்போது, குறிப்பிட்ட ஓர் அசையின் மேல் அவ்வப்போது இரைச்சலைப் போட்டுக் கெடுத்தார்கள். பறவைக்குத் தன் குரலே பிசகியதுபோலக் கேட்டிருக்கும். அந்த நொடியில் அதன் டோபமின் செல்கள் அடங்கின. கெடும் என்று இருந்த இடத்தில் கெடாமல் பாட்டு நேராக வந்தபோது துடித்தன. தானியம் போட்டு யாரும் பழக்கவில்லை, யாரும் தட்டிக்கொடுக்கவில்லை. தான் பாட நினைத்ததும் தன் காதில் விழுந்ததும் ஒத்துப்போகிறதா என்பதை உள்ளே இருக்கும் கணக்குப்பிள்ளை தானே பார்த்துக்கொள்கிறது.

நம் பிள்ளைக்கும் அப்படியொரு வாத்தியார் உள்ளே இருந்தால், நாம் வெளியிலிருந்து அதட்டும்போது அவர் குரல் எப்படிக் கேட்கும்? ‘தண்ணி’ என்பதைப் பிள்ளை ‘தன்னா’ என்றால், டம்ளரை நீட்டிக்கொண்டே ‘தண்ணி. இந்தா தண்ணி’ என்று சொல். அவ்வளவுதான். ‘தப்பு, திருப்பிச் சொல்லு’ என்று சொல்லிச் சொல்லி ஒரு பிள்ளையை நான் ஊமையாக்கப் பார்த்தேன். கேட்க ஆரம்பித்த பிறகு அது வாயைப் பொத்திக்கொண்டது. பேச்சு பரீட்சையாகிவிட்டால் யாருக்குத்தான் வாய் வரும்?

7. அம்மாவை நாற்காலியில் உட்காரவை, மூலையில் அல்ல. 

வாரத்தில் உனக்குக் கிடைப்பது ஒன்றோ இரண்டோ மணி நேரம். மிச்சமெல்லாம் அவள் கையில். அமெரிக்காவின் சியாட்டிலில் பட்ரீசியா குல் 2003-இல் வெளியிட்டதை எல்லா அம்மாக்களுக்கும் சொல். ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு 12 முறை சீன மொழியில் கதை சொல்லி விளையாடினார்கள். நேரில் ஆள் உட்கார்ந்து பேசியபோது சீன ஒலிகளின் வித்தியாசம் குழந்தைகளுக்குப் பிடிபட்டது. அதே ஆட்களை, அதே பேச்சைத் திரையில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. அவர்கள் அங்கே டோபமினை அளக்கவில்லை, அப்படி அளந்ததாக நீ சொல்லிவிடாதே. ஆனால் ஒரு முகம் நம்மைப் பார்த்து மலர்வதைவிடப் பெரிய பரிசு அந்த வயதில் எது? போனில் கார்ட்டூன் ஓடவிட்டு ‘பேச்சு கேக்குது மேடம்’ என்று சொல்லும் அம்மாவைக் கடிந்துகொள்ளாதே. அவளுக்குச் சமைக்க வேண்டும், மாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டும், பஸ் பிடித்து உன்னிடம் வர வேண்டும். சமைக்கும்போதே பேசலாம் என்று காட்டிக்கொடு. வெங்காயம் உரிப்பதில் ஒரு மாதத்துப் பாடம் இருக்கிறது.

8. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே இனிப்பு இனிக்காது. 

‘மியூசிக் தெரபி கொடுங்க, எல்லாம் சரியாயிடும்’ என்று கேட்பவர்கள் வருவார்கள். பார்சிலோனாவில் ஆராய்ந்தவர்கள் 2014-இல் ஒன்றைக் காட்டினார்கள். காது நன்றாகக் கேட்கும், சுருதி பிரித்தறியவும் தெரியும், பணம் கிடைத்தால் மற்றவர்களைப்போலவே மகிழ்ச்சி பொங்கும், ஆனால் இசை கேட்டால் மட்டும் ஒன்றுமே தோன்றாது. அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மூளையில் கேட்கும் பகுதிக்கும் பரிசை உணரும் பகுதிக்கும் உள்ள போக்குவரத்து மற்றவர்களைவிடக் குறைவு என்று பின்னால் கண்டார்கள். 

என்னிடம் வந்த ஒரு பையன் மேளத்தைக் கண்டால் காயிலைப் பிடுங்கி எறிவான். மாதக்கணக்கில் மேளத்தையே தட்டிக்கொண்டிருந்தேன், எனக்குப் பிடிக்கும் என்பதால். அவனுக்குப் பிடித்தது ஷட்டர் இறக்கும் சத்தம் என்று அவன் தாத்தாதான் கண்டுபிடித்தார். அவருக்கு மளிகைக் கடை. உனக்குப் பிடித்ததை ஓரமாக வை. அவனுக்கு எது இனிக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்.

9. மாத்திரை கேட்பார்கள், தலையாட்டிவிடாதே. 

டோபமின் என்ற பெயர் இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. ‘அதைக் கூட்ட டானிக் இருக்கா?’ என்று கேட்கும் அப்பாவைச் சீக்கிரமே சந்திப்பாய். பொறுமையாகச் சொல். 1957-இல் சுவீடனில் ஆர்வித் கார்ல்சன், சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த ரெசர்பின் கொடுத்து அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு, டோபமினாக மாறக்கூடிய எல்-டோபாவைக் கொடுத்தார். சிறிது நேரத்தில் அவை காதை விறைத்துக்கொண்டு எழுந்தன. அவருக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது. பார்கின்சன் நோயாளிகளுக்கு இன்றும் கொடுப்பது அந்த எல்-டோபாதான். நம் ஊர்ப் பூனைக்காலி விதையிலும் அது இருக்கிறது. 

2004-இல் ஜெர்மனியில் ஆரோக்கியமான பெரியவர்களுக்குச் சில நாள் எல்-டோபா கொடுத்துப் புதுச் சொற்களைக் கற்பித்தபோது சீக்கிரம் கற்றார்கள் என்பது உண்மை. 2019-இல் வந்த இன்னோர் ஆய்வில், அதே மருந்து இசையின் இன்பத்தைக் கூட்டியது, டோபமினைத் தடுக்கும் மருந்து குறைத்தது. ஆனால் அவையெல்லாம் பெரியவர்கள், ஆய்வுக்கூடம், மருத்துவர் மேற்பார்வை. காது கேட்கத் தொடங்கும் பிள்ளைக்கு அது மருந்தல்ல. பூனைக்காலி லேகியம் வாங்கிக் கொடுத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பிள்ளை இரண்டு நாள் வாந்தி எடுத்தது. அவர்கள் என்னிடம் கேட்ட அன்று நான் அவசரத்தில் ‘பார்க்கலாம்’ என்று சொல்லியிருந்தேன். ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘பார்க்கலாம்’ என்று சொல்வதும் பொய்தான்.

10. தாமதமாக வந்த பிள்ளையின் அம்மாவிடம் உண்மையைச் சொல், ஆனால் உட்கார்ந்து சொல். 

மூன்றரை வயதுக்குள் கருவி பொருத்தினால் கேட்கும் பாதை பெரும்பாலும் வயதுக்கேற்ப வளர்ந்துவிடுகிறது, ஏழுக்கு மேல் மிகக் கடினம் என்று அனு சர்மாவின் குழு 2002-இல் காட்டியது. ‘ஐந்தில் வளையாதது’ என்று ஊரே அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கும், நீயும் ஒரு தடவை சொல்ல வேண்டியதில்லை. வாசலில் நின்றபடி, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டே நான் ஓர் அம்மாவிடம் சொன்னேன். ‘ரொம்ப லேட்டுமா.’ அவள் மறுபடி வரவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சைகை மொழி கற்றுத்தரும் பள்ளியின் முகவரி என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது.

11. நன்றாகத் தூங்கு, பிள்ளையையும் தூங்கவிடு. 

பகலில் கேட்டதை மூளை தூக்கத்தில் அடுக்கி வைக்கிறது. கண் சொக்கும் பிள்ளையை உலுக்கி எழுப்பி நேரம் முடிக்காதே. சலித்துப்போன உன் குரலைப் பிள்ளை கண்டுபிடித்துவிடும், அதனால் உன்னையும் பார்த்துக்கொள்.

12. வயதைக் கேட்டால் இரண்டு வயது சொல். 

ஒன்று பிறந்த வயது. இன்னொன்று ஸ்விட்ச் ஆன் செய்த நாளிலிருந்து எண்ணும் கேட்கும் வயது. நான்கு வயதுப் பிள்ளைக்குக் கேட்கும் வயது நான்கு மாதம் என்றால், நான்கு மாதக் கைக்குழந்தையிடம் எவ்வளவு எதிர்பார்ப்பாயோ அவ்வளவு எதிர்பார். ‘இன்னிக்கு எத்தனை வார்த்தை?’ என்று தினமும் கேட்கும் அப்பாவிடமும் இதைச் சொல். சொற்கள் எண்ணுவதற்கு முன்னால் வரும் விஷயங்களைக் காட்டு. சத்தம் வந்ததும் விளையாட்டை நிறுத்துவது, சத்தம் நின்றதும் நிமிர்ந்து பார்ப்பது.

13. வீட்டுக்குப் போய்ப் பார். 

மையத்துக்குள் எல்லாம் தெரியாது. நான் வேலையை விடுவதற்கு முந்தைய வருடம் ஒரு சிறுமி வந்தாள். ஐந்து வயது, கேட்கும் வயது ஒன்றரை. ஆறு ஒலிகளில் ஐந்துக்குக் கட்டை போடுவாள், ‘ஸ்’ மட்டும் போடவே மாட்டாள். மேப்பிங்கில் அந்தச் சுருதி போகிறது என்று உறுதியாகத் தெரிந்தது. இருந்தும் என் வாயிலிருந்து வரும் ‘ஸ்’ அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அது அவளுக்கு எதையும் கொண்டுவந்து தந்ததில்லை. மாதக்கணக்கில் முயன்று அலுத்துப்போய், ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன்.

அடுப்படியில் பாட்டி பருப்பு வைத்திருந்தார். தரையில் அவள் ஒரு கிண்ணம் காய்ந்த பட்டாணியோடு உட்கார்ந்திருந்தாள். முதலில் குக்கர் விசில் அடித்தால் அலறிக்கொண்டு ஓடுவாளாம். பாட்டி தூக்கி வைத்துக்கொண்டு ‘விசில்!’ என்று சொல்லிச் சொல்லி, ஒரு விசிலுக்கு ஒரு பட்டாணி என்று பழக்கியிருக்கிறார். நான்காவது பட்டாணி விழுந்ததும் ‘போதும்’ என்று அவள் சொல்ல வேண்டும், அப்போதுதான் பாட்டி அடுப்பை அணைப்பார். யாரும் பாட்டிக்குச் சொல்லித்தரவில்லை. சத்தம் முந்தி வந்தது, காத்திருப்பு இருந்தது, சத்தத்துக்கு ஓர் அர்த்தம் இருந்தது, அந்த வீட்டின் சமையலே அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. என் 31 வருடத்துப் பாடம் அங்கே கரி படிந்த சுவரோரம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது.

மூன்று பட்டாணி விழுந்தாயிற்று. அவள் எனக்கும் குக்கருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கிண்ணத்தைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். குக்கருக்குள் ஆவி கூடி, வெயிட்டின் ஓரத்தில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று மெல்லச் சீறத் தொடங்கியது. கிண்ணம் நின்றது. அவள் தலை நிமிர்ந்தது. கிண்ணத்திலிருந்து ஒரு பட்டாணியை எடுத்து விரல்நுனியில் பிடித்தபடி அசையாமல் இருந்தாள்.

‘இன்னும் விசிலே வரலையேடி’ என்றார் பாட்டி.

அவள் திரும்பாமலே சொன்னாள். ‘வரும்.’